மலைக்கல்லுக்கு வந்த விற்பனை வரி

வரி மாறுகிறது என்று செய்தி வந்தால் ஊரில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு துள்ளல் வரும். இது என் மனைவிக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. "ஊரே வயித்துல அடிச்சிக்கினு கீது, நீங்க இன்னா பொங்கல் வந்த மாதிரி சட்டைய மாட்டிக்கினு கெளம்புறீங்க?" என்பாள். அவள் கேட்பதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி வரி ஆலோசகனுக்குத்தான் புரியும். சட்டம் மாறாத வருஷத்தில் நாம் வெறும் கணக்குப் பிள்ளை. மாறிய வருஷத்தில்தான் ஒரு ஆள் வந்து எதிரே உட்கார்ந்து, "இப்ப நான் இன்னா பண்ணணும் சார்?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருஷம் கடையைத் திறந்து வைத்திருந்தேன்.

போன வாரம் நம் வரி ஆலோசகர் சங்கக் கூட்டத்தில், தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள். ஒப்பந்த வேலைக்கு வரி விகிதம் மாறியிருக்கிறது, ஒப்பந்தம் போட்டது பழைய விகிதத்தில், பில் வந்தது புதிய விகிதத்தில், சின்னசேலத்துக் கட்சிக்காரர் போனில் அழுகிறார், பதில் போட வேண்டிய கெடு நெருங்குகிறது, என்ன செய்வது? "முதல்ல அவர் வேலை செய்யற எடத்தைப் போய்ப் பாரும்மா" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் ஏதோ சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்வேன் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். பாவம், கிழம் தட்டிக்கழிக்கிறது என்று நினைத்திருப்பாள். தட்டிக்கழிக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தென்னார்க்காடு மாவட்டம் பிரியாமல் இருந்த காலம் அது. கள்ளக்குறிச்சியில் எனக்குச் சின்னதாக ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு மொபெட். அரிசி ஆலைக்காரர்களும் மளிகைக் கடைக்காரர்களும்தான் கட்சிக்காரர்கள். ஒப்பந்தக்காரர்கள் நம் பக்கமே வரமாட்டார்கள். வரவேண்டிய அவசியமும் இல்லை. சுவர் கட்டிக் கொடுப்பதும் பாலம் கட்டிக் கொடுப்பதும் வேலைதானே, வியாபாரம் இல்லையே. விற்றால்தானே விற்பனை வரி.

அந்த நிலைமைதான் மாறியது. ஒருவர் சுவர் கட்டிக் கொடுத்தால், அந்தச் சுவருக்குள் போன கல்லையும் சிமெண்டையும் அவர் விற்றதாகவே கருதலாம் என்று சட்டம் வந்தது. கூலிக்கு வரி இல்லை, உள்ளே போன பொருளுக்கு மட்டும் வரி. படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி முடித்த சுவரில் கூலி எவ்வளவு, கல் எவ்வளவு என்று யார் பிரித்துப் பார்ப்பது? பெரிய கம்பெனிகள் பட்டணத்திலிருந்து வக்கீலைக் கூட்டி வந்தார்கள். ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு பிழைத்தவர்கள் முழித்தார்கள்.

அப்படி முழித்தவர்களில் ஒருவர்தான் கச்சிராயபாளையம் தனலட்சுமியம்மா. கணவர் இறந்த பிறகு அவருடைய லாரியையும் ஒப்பந்தத் தொழிலையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஆண்களுக்கு நடுவே நின்று டெண்டர் போட்ட மனுஷி. கல்வராயன் மலைக்கு மேலே போகிற பாதைகளுக்குத் தடுப்புச்சுவர் கட்டுவதுதான் அவருக்குக் கிடைக்கிற வேலை. மலையை வெட்டிப் பாதை போட்டால் பள்ளத்துப் பக்கம் சரியாமல் இருக்கக் கல்லை அடுக்கிக் கட்டுவார்களே, அது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு பெற்ற ஒப்பந்தக்காரருக்குத்தான் அரசு வேலை. பதிவு வேண்டுமென்றால் நிலபுலன் காட்ட வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும். கல்கட்டு மேஸ்திரிகளிடம் கையும் கடப்பாரையும்தான் உண்டு. அதனால் பதிவு உள்ள ஒருவர் பேர் கொடுப்பார், மேஸ்திரிகள் ஆளுக்கொரு வேலையை எடுத்துச் செய்வார்கள். தனலட்சுமியம்மாவின் பேரில் நான்கு மேஸ்திரிகள் இருந்தார்கள். கீழ்நாட்டுக்காரன் கோவிந்தன், மலைமேல் வெள்ளையன், இன்னும் இரண்டு பேர். இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: எந்த அதிகாரி வந்து எதைக் கேட்டாலும், பேர் கொடுத்தவர் எல்லாம் தன்னுடையது என்றுதான் சொல்ல வேண்டும். வாய் மாறினால் பதிவு போய்விடும், நான்கு மேஸ்திரிகளோடு அவர்களுக்குக் கீழே கல் தூக்குகிறவர்களின் பிழைப்பும் போய்விடும்.

வரி ஆபீசிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார். "இந்த வேலைங்களுக்குப் போன கல்லு, மணலு, சிமெண்டு எல்லாம் யாருதும்மா?" என்று கேட்டார். தனலட்சுமியம்மா கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாம் எங்களுதுதாங்க" என்றார். அதை அவர் எழுதி நீட்டினார், இந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். பேர் கொடுத்தவர்களின் வழக்கத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் வந்தவருக்கு மோரும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அதன் பிறகு நோட்டீஸ் வந்தது. நான்கு மேஸ்திரிகள் மலை முழுக்க அடுக்கிய அத்தனை கல்லையும் இந்த ஓர் அம்மாள் அரசுக்கு விற்றதாக வைத்து வரி போடப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று. கட்டவேண்டி வந்தால் லாரியை விற்றாலும் போதாது. அது மட்டுமா? இந்த விவகாரம் தீரும் வரை ஒன்றிய அலுவலகத்தில் அவர் பில்களையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மலையில் வேலை பாதியில் நின்றது. அந்த நோட்டீஸோடுதான் அவர் என் அறைக்கு வந்தார்.

எனக்கு அப்போது ஒரு சீனியர் இருந்தார், கடலூர்க்காரர். அவரிடம்தான் தொழில் கற்றேன். அவருடைய வேதம் ஒரே சொல்: வாய்தா. "காலம் போனா கோபம் போயிடும், அதிகாரியும் போயிடுவான்" என்பார். அவர் சொல்லி நான் இரண்டு முறை வாய்தா வாங்கினேன். மூன்றாவது முறை விசாரணைக்கு நாள் குறித்த வாரத்தில்தான் சாலை மறியல் வந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்க ஜனங்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பதாகச் சொன்னார்கள். பஸ் கிடையாது, தபால் கிடையாது. அந்த நாட்களில் சில ஊர்களில் உயிர் போனது, வீடுகள் எரிந்தன. அதை நான் லேசாகப் பேச வரவில்லை. எங்கள் ஊரில் பயமும் வேகமும் கலந்து காற்றே வேறு மாதிரி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். வேலைக்கு ஆள் போகாத ரோட்டில் பையன்கள் கபடி ஆடினார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டிக்கடையில் ஒரு மனிதர் கொத்தாக வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நம் வணிகவரி அதிகாரி. விழுப்புரத்தில் குடும்பம், போக வழியில்லாமல் ஆபீசிலேயே படுத்திருக்கிறார். ஓட்டல்களும் மூடிக் கிடந்தன.

"நாளைக்கு உங்க கச்சிராயபாளையம் விசாரணை இருக்கில்ல?" என்றார். "பஸ் இல்லை, யாரும் வர முடியாது. வாய்தா வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க. இந்த வாரத்துக் கட்சிக்காரங்க எல்லாரும் கேட்டாச்சு."

மனு எழுத எனக்கு ஐந்து நிமிஷம் போதும். சீனியர் இருந்தால் அந்தப் பெட்டிக்கடையிலேயே பேப்பர் வாங்கியிருப்பார். ஆனால் எனக்குள் அந்தத் துள்ளல் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். சாதாரண நாளில் அந்த ஆபீசில் நமக்குக் கிடைப்பது என்ன? வராந்தா முழுக்கக் கூட்டம், ஒரு காதில் டெலிபோன், நம் கோப்பைத் திறந்து மூடுவதற்குள் அடுத்த பேர் கூப்பிடுவார்கள். அதில் மலையில் சுவர் எப்படிக் கட்டுகிறார்கள் என்று எவன் கேட்பான்? நாளைக்கு அந்த மனிதரிடம் வேறு கோப்பே இல்லை. ஒரு முழு நாள், ஓர் அதிகாரி, ஒரே ஒரு கட்சிக்காரர். எல்லோரும் வாய்தா கேட்கிற நாளில்தான் விசாரணை கேட்க வேண்டும் என்று பட்டது.

"வாய்தா வேண்டாம் சார், கூட்டிக்கினு வர்றேன்" என்றேன். அவர் பழத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்தா நான் விசாரிச்சு ஆர்டர் போட்டுடுவேன். அப்புறம் டைம் கேக்கக் கூடாது. அந்தம்மா குடுத்த வாக்குமூலம் என்னான்னு தெரியும்ல?"

தெரியும். நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதும், "உனக்கு இன்னா பைத்தியமா? தோத்தா அந்தம்மா லாரி போவும்" என்றாள். மரியாதைப் பன்மையெல்லாம் பறந்துவிட்டது.

விடிந்ததும் மொபெட்டை எடுத்தேன். ஊரைத் தாண்டியதும் முதல் மரம். கையில் அரிவாளோடு பத்துப் பதினைந்து பேர்.

"எங்க சார்?"

"கச்சிராயபாளையம். வரி ஆபீஸ் வேலையா."

"யோவ், ஊரே ரோட்டுல கீது. நீ வரி கட்டப் போறியா?"

"கட்டாம இருக்கத்தாம்பா போறேன்."

அப்புறம் ஒரே சிரிப்பு. நான்கு பேர் சேர்ந்து மொபெட்டைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். அடுத்தடுத்த மரங்களுக்கு நான் காத்திருக்கவில்லை. கரும்பு வயலுக்குள் வரப்பிலேயே ஓட்டினேன். தோகை கிழித்துக் கையெல்லாம் கோடு கோடாக எரிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேட்டி முழங்காலுக்கு மேல், உடம்பெல்லாம் சேறு, மனசில் அப்படி ஒரு சந்தோஷம். அலுவலகத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிய நாட்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

தனலட்சுமியம்மா வீட்டு வாசலில் லாரி நின்றது. மேலே கோழி ஏறி உட்கார்ந்திருந்தது. மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்த வெள்ளையன் மேஸ்திரி கூடத்தில் குந்தியிருந்தார். பில் வராமல் ஆட்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று கேட்க வந்தவர்.

"வர்றேன் சார்" என்றார் அந்த அம்மாள். "ஆனா நான் சொன்னதை மாத்திச் சொல்லச் சொல்லாதீங்க. அவரு உசுரோட இருந்தப்பகூட ஒருத்தரையும் காட்டிக் குடுத்ததில்ல. லாரி போனாப் போவுது."

அவர் சொன்னதில் உறுதி இருந்தது, கண் மட்டும் லாரிப் பக்கம் போய்விட்டு வந்தது. எனக்கும் அதுவரை பெரிய வாதம் ஒன்றும் கைவசம் இல்லை. கூலிப் பங்கைக் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சலாம், அவ்வளவுதான். அவர் தூக்கு அடுக்கில் புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டார். வெள்ளையன் ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார். அதன் கேரியரில் அந்த அம்மாள் உட்கார, நான் மொபெட்டில் பின்னால் போனேன்.

பாதி வழியில் ரோட்டின் குறுக்கே ஒரு கல்சுவர். நான் அன்று பார்த்த மற்ற தடுப்புகளெல்லாம் மரம், டயர், கண்டதையும் போட்ட குவியல். இது அப்படி இல்லை. நூல் பிடித்த மாதிரி வரிசை, பெரிய கல்லுக்கு இடையில் சின்னக் கல் செருகி, ஆடாமல் அசையாமல் நிற்கிறது. பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். எட்டிப் பார்த்தால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையைச் சரி செய்துகொண்டிருக்கிறான் நம் கோவிந்தன். மறியலுக்குப் போன இடத்திலும் மேஸ்திரிக்குக் கை நிற்கவில்லை.

தனலட்சுமியம்மா சைக்கிளிலிருந்து குதித்தார்.

"டேய் கோவிந்தா, இது எந்தக் கல்லுடா? நம்ம வேலைக்கு ஒதுக்கின கல்லையா எடுத்து வச்சிருக்க? அதுக்கும் என் பேருலதான்டா கேஸ் போடுவான்."

"ஐய, நம்ம கல்லு எங்கக்கா கீது?" என்றான் அவன், கொஞ்சமும் பதறாமல். "ரோட்டோரம் கெடந்துது. சர்க்கார் கல்லு. மலைமேல மட்டும் இன்னா, நம்ம கல்லையா அடுக்கினோம்? அங்கயும் வெட்டுன எடத்துக் கல்லுதான். எந்தக் காலத்துல நமக்குன்னு கல்லு இருந்துது?"

நான் மொபெட்டை அப்படியே சாய்த்துவிட்டேன். ஸ்டாண்ட் போடத் தோன்றவில்லை.

அந்த ரோட்டு நடுவிலேயே கோவிந்தனையும் வெள்ளையனையும் நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். கல் எங்கிருந்து? பாதைக்கு மலையை வெட்டும்போது உருள்கிற கல், அதையே உடைத்து அடுக்குவது. விலைக்கு வாங்கியதுண்டா? மலைக்கு மேலே எவன் கல்லை விலைக்குக் கொண்டு போவான் என்று வெள்ளையன் திருப்பிக் கேட்டார். சிமெண்ட்? சுவரின் தலைப்பில் பூச மட்டும், அதுவும் ஒன்றியக் குடோனில் அவர்களே கொடுப்பது. மணல்? ஓடையில் அள்ளுவது. அப்படியானால் இந்த அம்மாள் அரசுக்கு விற்றது என்ன? அரசு மலையில் இருந்த அரசுக் கல்லை, பள்ளத்திலிருந்து எடுத்து விளிம்பில் அடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பேர் கூலி. கூலிக்கு வரி இல்லை.

"அம்மா, அந்த இன்ஸ்பெக்டர் உங்ககிட்ட வேலை யாருதுன்னு கேக்கல. கல்லு யாருதுன்னு கேட்டாரு."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்."

"இல்லம்மா. வேலை உங்க பேருலதான் இருக்குது, அதை நீங்க மாத்திச் சொல்ல வேணாம். கல்லு உங்களுதா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

அவர் கோவிந்தன் கட்டிய சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கல்லு எப்படி என்னுதாவும்?" என்றார், மெதுவாக.

கோவிந்தனும் வரவேண்டும் என்றேன். அவன் தயங்கினான். போராட்டத்தை விட்டுவிட்டு வரி ஆபீசுக்குப் போனான் என்று பேர் வந்துவிடுமே. அவனுடைய ஆட்களில் மூத்தவர் ஒருவர், "போயிட்டு வா மேஸ்திரி. நாமளும் நம்ம பங்குக்குத்தான் நிக்கிறோம், அவங்களும் அவங்க பங்குக்குத்தான் போறாங்க. செவுரை நாங்க பாத்துக்குறோம்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆபீசுக்குள் நாங்கள் நுழைந்தபோது அதிகாரி லுங்கியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தூக்கு அடுக்கு அவர் கண்ணில் பட்டுவிட்டது. புளிச்சோற்று வாசனை வேறு. நாள் கணக்கில் பழம் தின்று கிடந்த மனுஷர், எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன்.

"அதை வெளிய வச்சுட்டு வாங்க" என்றார். "ஆர்டர் எழுதற வரைக்கும் உள்ள வரக் கூடாது."

தூக்கு வராந்தாவுக்குப் போனது. விசாரணை தொடங்கியது. அவர் வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். "எல்லாப் பொருள்களும் எங்களுடையவை. இது உங்க கையெழுத்துதானேம்மா?"

இங்கேதான் என் நாக்கு துறுதுறுத்தது. வழியெல்லாம் வாதத்தை மனசுக்குள் நெய்துகொண்டு வந்திருக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் அது ஆலோசகன் சொல்லிக் கொடுத்த கதை ஆகிவிடும். அந்த அம்மாளே சொன்னால்தான் அது நடந்தது என்று ஆகும். நான் கைகளைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தொழிலில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

"கையெழுத்து என்னுதுதாங்க" என்றார் தனலட்சுமியம்மா. "வேலையும் என் பேருலதாங்க. ஆனா கல்லு என்னுது இல்லீங்க. மலையை வெட்டுறப்ப உருண்ட கல்லுங்க. சிமெண்டு ஒன்றியத்துல குடுத்தது. நான் எதையும் விக்கலீங்க."

"அப்புறம் ஏன் எல்லாம் எங்களுதுன்னு சொன்னீங்க?"

நான் பயந்த கேள்வி. பேர் கொடுக்கிற வழக்கத்துக்கு நேராகக் கொண்டுபோய் விடுகிற கேள்வி.

"வேலையப் புடுங்கத்தான் கேக்குறாருன்னு பயந்துட்டேங்க. ஒண்ணு என்னுது இல்லன்னு சொன்னா, எதுவுமே என்னுது இல்லன்னு எழுதிடுவாருன்னு நெனச்சேன்."

அதிகாரி கதவருகே நின்ற இருவரையும் பார்த்தார். கல் கடித்த விரல்கள், நசுங்கிய நகங்கள். "இவங்க யாரு?"

"சார், நாங்கதான் அந்த வேலையெல்லாம் எடுத்து..." என்று வெள்ளையன் உற்சாகமாக ஆரம்பித்தார். கோவிந்தன் அவர் காலை நன்றாக மிதித்தான். வெள்ளையன் ஐயோ என்று குனிந்தார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அவர் மடையர் இல்லை. மாவட்டத்தில் எத்தனை ஊர் பார்த்தவர். எல்லாம் புரிந்த ஒரு முகத்தோடு எங்கள் நால்வரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் வரி ஆபீசர். எனக்குக் கல்லு யாருதுன்னு தெரிஞ்சாப் போதும். மேஸ்திரி, நீ முன்னால வா. அந்தச் செவுரு எப்படிக் கட்டுவ, முதல்ல இருந்து சொல்லு."

அதன் பிறகு நடந்ததுதான் விசாரணை. வெள்ளையன் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையும் மசிப் புட்டியையும் முத்திரைக் கட்டையையும் வைத்துச் சுவர் அடுக்கிக் காட்டினார். அதிகாரி எழுந்து நின்று சின்னப் பிள்ளை போலக் கேள்வி கேட்டார். தடுப்புச்சுவர் என்றால் கல், மணல் எல்லாம் விலைக்கு வாங்கிக் கட்டுவது என்றே இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னார். அடுத்த தெருவில்தான் ஒன்றிய அலுவலகம். அங்கே போய் மதிப்பீட்டு நகல் வாங்கி வரச் சொன்னார், ஓடினேன். வெட்டிய இடத்துக் கல்லையே பயன்படுத்த வேண்டும், சிமெண்ட் அலுவலகமே கொடுக்கும் என்று அதிலும் இருந்தது. மறியல் இல்லாத நாளில் இதற்கெல்லாம் எந்த அதிகாரிக்கு நேரம் இருந்திருக்கும்?

மதியம் தாண்டி ஆர்டர் எழுதினார். லாரியில் வெளியிலிருந்து கொண்டுபோன சில்லறைப் பொருளுக்கு மட்டும் கொஞ்சம் வரி. மற்றதெல்லாம் கூலி, வரி இல்லை. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்தினார். அப்புறம் வராந்தாவைப் பார்த்து, "அந்தத் தூக்கு இன்னும் இருக்கா?" என்றார்.

எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தனலட்சுமியம்மா பரிமாறிக்கொண்டே அழுதார். சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. புளிச்சோற்றில் காரம் ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன். கோவிந்தன் கை கழுவியதும் கிளம்பினான். சுவர் என்ன ஆயிற்றோ என்று அவனுக்குக் கவலை.

சாப்பிட்டு முடித்த அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னிக்கு நான் கேக்காத கேள்வியை இன்னொரு நாள் இன்னொருத்தர் கேப்பாரு" என்றார். அவ்வளவுதான். அது எனக்குப் போதும். எங்கள் சந்தோஷத்தின் அடியில் அந்தக் கேள்வி கிடந்தது உண்மைதானே. வேலை ஒருவருடையது, பேர் ஒருவருடையது என்று இருக்கிற வரைக்கும், சட்டம் மாறுகிற ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் தலைதான் உருளும்.

பில் வந்து மலையில் வேலை மறுபடி தொடங்கியதும் போய்ப் பேசினேன். தனலட்சுமியம்மாவுக்கு முதலில் கோபம். மேஸ்திரிகளைத் தன்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறேன் என்று. பிறகு அவரே ஒவ்வொருவருக்கும் ஜாமீன் நின்றார். அடுத்த வருஷத்துக்குள் நான்கு மேஸ்திரிகளும் சின்ன வகுப்பு ஒப்பந்தக்காரர்களாக அவரவர் பேரில் பதிவு வாங்கிவிட்டார்கள். பேர் கொடுத்ததற்காக அவருக்கு வந்துகொண்டிருந்த பங்கு நின்றது. "போவுது சார், இப்பத்தான் ராத்திரி தூக்கம் வருது" என்றார். நால்வருக்கும் அவருடைய லாரிதான் ஓடியது.

பிள்ளைகளா, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். சட்டம் மாறியதும் உங்கள் கட்சிக்காரர் பயத்தில் எதையாவது சொல்லி வைப்பார். அவர் பொய் சொல்லவில்லை, வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார். எந்தக் கேள்விக்கு என்று கண்டுபிடியுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டரில் கிடைக்காது, அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனால்தான் கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதும் இதுதான். அவள் நாளைக்குக் காலையில் சின்னசேலம் பஸ்ஸில் ஏறி அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

பதிவு வாங்கிய பிறகு கோவிந்தனுக்கு முதல் நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் வாங்கியவர்கள் என் அறைக்கு எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கும், முகத்தில் ரத்தமே இருக்காது. கோவிந்தன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். நோட்டீஸை மேஜைமேல் விரித்து, விலாசம் இருந்த இடத்தில் விரலை வைத்தான்.

"பேரு கரெக்டா போட்டுகிறாங்களா பாருங்க சார். அப்பா பேரு, ஊரு, எல்லாம்."

"எல்லாம் சரிதான். உள்ள இன்னா கேட்டிருக்காங்கன்னு பாத்தியா?"

"அத நீங்க பாருங்க. எவ்ளோ வருதோ கட்டிடலாம். மலைல நான் கட்டுன செவுரு இத்தினி கீது சார், ஒண்ணுலயும் என் பேரு இல்ல. இப்பத்தான் சர்க்கார் என் பேர எழுதிக் கூப்புடுது. தெருவுல எல்லாருக்கும் படிச்சிக் காட்டிட்டுத்தான் வந்தேன்."

பதில் தயாரிக்க நோட்டீஸ் என்னிடம் இருக்க வேண்டும் என்று சொல்லி அதைக் கோப்பில் வைக்கப் போனேன். அவன் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ரோட்டில் இறங்கி, ஜெராக்ஸ் கடைக்குப் போய், நகல் எடுத்து வந்து அதை என்னிடம் கொடுத்தான். அசலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.